மூன்றாம் ஓலை

கல்யாண ஓலை வாசிக்கும் வழக்கத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும். போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "ஓலைன்றது எவ்ளோ நல்ல ஏற்பாடு பாருங்க, ஊரறியக் கேட்டுட்டுதான் நம்மள்ல கட்டி வைக்கிறோம்" என்றார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் இன்னும் வரவில்லை. அவர் நான் ஏதோ சுகமில்லாமல் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில். அண்ணாமலையார் கோயிலைப் பெரிய கோயில் என்போம். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் சாமியார் அதை வாசிப்பார். இன்னார் மகன், இன்னார் மகள், இன்ன பங்கு, அதாவது இன்ன கோயிலைச் சேர்ந்தவர்கள். அதுதான் ஓலை. கடைசியில் ஒரு வரி வரும்: இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது விக்கினம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாளா, இரண்டு பேரும் கட்டிக்கொள்ளக் கூடாத உறவா, இப்படித் தெரிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு. எங்கள் பங்கில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் மூக்கை நுழைக்கலாம் என்று ஆகிவிட்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம் என் அக்காவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். அக்கா தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை வேலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து, பலகாரம் தின்று, கைகழுவிவிட்டுப் போயிருந்தது. அம்மா அதை நினைத்தே இளைத்துப் போயிருந்தாள். விபூதிப் புதனன்று நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் பாஸ்கா திருநாள், அதாவது ஈஸ்டர், வரை கல்யாணம் கிடையாது. விபூதிப் புதனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், தள்ளிப்போனால் எங்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா நிச்சயத்தன்றே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு நான் பாடகர் மாடியில் நின்றிருந்தேன். கோயிலின் பின்பக்கம், தலைவாசலுக்கு நேர் மேலே இருக்கும் மர மாடி அது. பங்கின் பாடகர் குழுவில் எடுத்துப் பாடுவது நான்தான். சாமியார் இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார். மூன்றாவதாக எங்களுடையது வர வேண்டும். அவர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார். கீழே பெண்கள் பக்கத்தில் அம்மாவின் தலை மட்டும் சட்டென்று அப்பா பக்கம் திரும்பியது எனக்கு மேலிருந்து தெரிந்தது.

பூசை முடிந்ததும் உபதேசியார் வந்து அப்பாவைக் கூப்பிட்டுப் போனார். உபதேசியார் என்றால் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், மணி அடிப்பவர், பங்குப் பேரேடுகளை வைத்திருப்பவர். எங்கள் ஊர் உபதேசியாருக்கு இதற்கெல்லாம் மேலே இன்னொரு வேலையும் இருந்தது. எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பது.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வீட்டுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தீபத்தன்னிக்கு நம்ம வூட்டுப் பொண்ணு மலை சுத்திச்சாம்," என்றார். "உபதேசியார் கண்ணால பாத்தாராம். அரக்குப் பொடவை கட்டிக்கினு, பக்கத்து வூட்டுப் பொம்பளையோட, கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு போச்சாம். ஞானஸ்நானம் வாங்கின பொண்ணு அந்த மாதிரி போனா அது விக்கினம்ங்கறாரு சாமி."

அரக்குப் புடவை அக்காவுடையது. ஊருக்கே தெரியும், அவள் ஆபீசுக்குக் கட்டிப்போகும் புடவை.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம், "ஆமாப்பா. நான்தான் போனேன்" என்றாள்.

மலை சுற்றியது அக்கா இல்லை. நான்.

அன்று நடந்ததை இத்தனை வருடத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு அந்த வருடம் டைபாய்டு வந்து, பிழைக்காது என்று டாக்டரே கையை விரித்து, பிறகு பிழைத்தது. தீபத்தன்று குழந்தையோடு மலை சுற்றுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்ட பிறகு வயிற்றில் அடுத்தது தங்கிவிட்டது. ஆறு மாத வயிற்றோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எட்டு மைல் நடக்க முடியாது. புருஷன் அன்று டியூட்டி கண்டக்டர். தீபத்தன்று கண்டக்டருக்கு யார் லீவு தருவார்கள்? காலையில் எங்கள் வாசலில் வந்து நின்று, "கூட வரியா கண்ணு, கொழந்தைய மட்டும் தூக்கிக்க" என்று கேட்டார். அம்மா கீழ்பென்னாத்தூரில் மாமா வீட்டில் இருந்தாள். அப்பா டிப்போவில். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வா, பாவம்" என்றாள். என் புடவைகள் எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின. அவளுடையதைக் கட்டிக்கொண்டு போனேன்.

நடந்தேன். குழந்தை பாதி வழி தோளிலேயே தூங்கியது. லிங்கங்கள் வந்தபோது நான் ரோட்டோரம் தள்ளி நின்றேன். அவர் கும்பிட்டுவிட்டு வந்தார். செங்கம் ரோட்டில் தூறல் பிடித்ததும் முந்தானையை எனக்கும் குழந்தைக்கும் சேர்த்து முக்காடு போட்டுக்கொண்டேன். ஊருக்குள் திரும்பும்போது கூட்டம் மொத்தமும் மலையைப் பார்த்து அரோகரா என்றது. என் வாயும் சொன்னது. அது பாவமா என்று எனக்குத் தெரியாது. குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் மனதில் இருந்தது. இதை நான் கடவுளிடம் சொல்லிக்கொள்வேன். உபதேசியாரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அந்த உபதேசியார் என்னை எங்கிருந்து பார்த்தார் என்று கேட்க வேண்டாமா? கோயில் பள்ளிக்கூட மைதானத்தின் கேட்டிலிருந்து. தீபத்தன்று அந்த மைதானம் சைக்கிள் ஸ்டாண்ட். மலை சுற்ற வருகிறவர்கள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். உபதேசியார் சாக்பீசை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சைக்கிளின் சீட்டிலும் நம்பர் எழுதி, துண்டுச் சீட்டு கொடுத்து, "ஜாக்கிரதையா சுத்திட்டு வாங்க" என்று அனுப்பிவைப்பார். பங்கின் ஏற்பாடுதான் அது. சாமியார் மட்டும் என்ன? சாயங்காலம் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் இரண்டு மூன்று பேரைத் தன் பங்களா மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், நாற்காலி போட்டு, தீபம் காட்டுவார். மலையுச்சியில் நெருப்பு தெரிந்ததும் அவரே கைகட்டி எழுந்து நிற்பதைக் கீழே பாட்டுப் பயிற்சியில் இருந்த நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்த ஊரில் அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மலை சுற்றப் போகிறவர்களை வழியனுப்புவது தப்பில்லை. நெருப்பைக் கண்டு எழுந்து நிற்பது தப்பில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது விக்கினம்.

தண்டனை என்ன தெரியுமா? மூன்று ஞாயிறு, பூசை தொடங்கி முடியும் வரை, தலைவாசலில் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். கையில் எரியும் மெழுகுவத்தி. மூன்றாவது ஞாயிறு முடிவில் மீதி இரண்டு ஓலையையும் சேர்த்து வாசித்துவிடுவாராம். அது முடிந்து மூன்றாம் நாள் கல்யாணம், அடுத்த வாரம் விபூதிப் புதன். கணக்காகப் பார்த்துத்தான் விதித்திருந்தார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பீடத்தைத் திருப்பிப் போட்டுச் சாமியார் எங்களைப் பார்த்து நிற்கத் தொடங்கியிருந்தார். எல்லாம் மாறிவிட்டது என்றார்கள். வாசலில் ஒரு பெண்ணை முட்டி போடவைப்பது மட்டும் மாறவில்லை. ஆண்களை யாரும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. இரண்டு குடும்பம் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். அவருக்கு எந்த விக்கினமும் இல்லை.

அன்று மத்தியானம் அம்மா அழுது ஓய்ந்து படுத்த பிறகு, கிணற்றடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு அப்பிடி சொன்னே? நான் போய் சாமிகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. அப்பறம் ஜூன்ல உன் வேலை இன்னா ஆவும்?"

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். ஜூனில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது என்பதில் பங்குச் சாமியாரின் வார்த்தைதான் கடைசி வார்த்தை. மலை சுற்றிய டீச்சரை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள். எனக்கும் அது தெரியும்.

"எனக்கு மூணு ஞாயித்துக்கெழமை, அவ்ளோதான்," என்றாள் அக்கா. "வேலூர்க்காரங்களுக்குத் தெரியவா போவுது? நீ வாயத் தொறக்காத. கீழ எறங்கி வந்து கூத்து பண்ணாத. மேல நின்னு பாட்டப் பாடு."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் சரி என்று தலையாட்டினேன்.

முதல் ஞாயிறு அக்கா வெள்ளைப் புடவையில் முக்காடு போட்டுக்கொண்டு போய் முழங்காலில் நின்றாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும் இடத்துக்கு ஓரடி உள்ளே. வருகிறவர்கள் எல்லாம் அவள் தலைக்கு மேலே கையை நீட்டித் தொட்டித் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். தண்ணீர் அவள் முக்காட்டில் சொட்டியது. சில பெண்கள் புடவை அவள்மேல் படாமல் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டார்கள். எங்களோடு சின்ன வயதிலிருந்து பூவுக்கும் பலகாரத்துக்கும் வந்து போனவர்கள் அவர்கள். ஒரு குழந்தை, "இந்த அக்கா ஏம்மா இங்க முட்டி போட்ருக்காங்க" என்று கேட்டது. அதன் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஒருவர், ஒரே ஒருவர்கூட, சாமியாரிடம் போய், இது என்ன அநியாயம் என்று கேட்கவில்லை. எங்கள் அப்பா உட்பட. அவர் ஆண்கள் பக்கம் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார், வாசல் தெரியாத மாதிரி.

மாடிக்குப் போகும் மரப் படிக்கட்டு தொட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் ஏறும்போது என் புடவை ஓரம் அக்கா தோளை உரசியது. அவள் நிமிரவில்லை. மாடிக்கு வந்துவிட்டால் அவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். நேர் கீழே இருந்தாள். நான் நின்ற பலகைக்கு அடியில்.

பாடினேன். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு எல்லாம் பாடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வலது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டியபோது தோல் சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவப் போனேன். "விடுடி, இன்னும் ரெண்டு வாரம் இருக்குது" என்றாள்.

விஷயம் பக்கத்து வீட்டுக்கு எட்டியது. அந்த அக்கா நிறை வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் முகத்தில் இருந்த கோபத்தை எங்கள் பங்கில் ஒருத்தர் முகத்திலும் நான் பார்க்கவில்லை.

"இன்னா அநியாயம் இது? என் கூட வந்தது நீ. உங்கக்கா போய் ஏன் முட்டி போடுது? நான் வந்து உங்க சாமியாராண்ட சொல்றேன். இந்தப் பொண்ணு என் கொழந்தைக்காகத்தான் வந்துச்சு, கும்புடக் கூட இல்லன்னு சொல்றேன். எனக்கு இன்னா பயம்?"

"வேணாங்க்கா," என்றேன்.

"ஏன் வேணாம்?"

"அக்காதான் வேணாம்னுச்சு. நீங்க வந்தா இன்னும் ஜாஸ்தியாயிடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகும் அவர் என்னோடு பேசினார், குழம்பு கொடுத்தார், எல்லாம் செய்தார். கண்ணு என்று மட்டும் என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே போயிற்று. மூன்றாம் ஞாயிறு, பூசை தொடங்கி முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தபோது, கீழே வாசலில் செருப்பு கழற்றும் சத்தமும் ஒரு பெண் குரல் இருமுவதும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உள்ளே நடந்து போனது மாப்பிள்ளையின் அம்மா. அக்காவின் ஜாக்கெட் அளவு வாங்கிப்போக, எங்களுக்குச் சொல்லாமலே முதல் பஸ்ஸில் வேலூரிலிருந்து வந்திருக்கிறார். வந்தவர் நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டார். மருமகளாக வரப்போகிறவள் வாசலில் மெழுகுவத்தியோடு முழங்காலில் நிற்பதை அவர் பார்த்தார். தொட்டித் தண்ணீரைத் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் முதுகு கூனிப்போனது மேலிருந்து எனக்குத் தெரிந்தது.

அப்போதாவது நான் இறங்கியிருக்கலாம். பன்னிரண்டு படி. இறங்கிப் போய், பூசை முடிந்ததும் அந்த அம்மாவிடம், நான்தான், என் அக்கா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காணிக்கைப் பாட்டுக்கு ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார். நான் எடுத்தேன்.

பூசை முடிவில் சாமியார் இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் சேர்த்து வாசித்தார். விக்கினம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற வரியையும் விடாமல் வாசித்தார். நான் படி இறங்கும்போது அக்கா மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்தாள். உடனே நிற்க முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வீட்டில் காபி குடித்துவிட்டு, "என்னாம்மா அது?" என்று ஒரு தடவை கேட்டார். அக்காவே, "தீபத்தன்னிக்கு மலை சுத்தினேங்க" என்றாள். "ஓ" என்றார் அந்த அம்மா. ஜாக்கெட் அளவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார். புதன்கிழமை கல்யாணம் நடந்தது. எவ்வளவு பெருந்தன்மை என்று அப்பா கண்கலங்கினார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை. கையில் கிடைத்ததை அந்த அம்மா பத்திரமாக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். சாம்பாரில் உப்பு கம்மியானால், "முட்டி போட்டவளுக்கு எங்க வரும் கை மணம்" என்பார். முதல் குழந்தை தங்காமல் போனபோது, "மலை சுத்தினா மாதா குடுப்பாளா" என்றாராம். கார்த்திகை மாதம் பிறந்தால் அக்காவை எங்கள் ஊருக்கு அனுப்ப மாட்டார். எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததும் ஒரு கார்த்திகைதான். மாதம் முடிந்து அக்கா வந்தபோது அம்மா இல்லை.

எனக்கு ஜூனில் வேலை நிரந்தரமாயிற்று. ஞானோபதேச வகுப்பும் என் தலையில்தான் வந்து விழுந்தது. எட்டாம் கட்டளை, பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது, அதை நடத்தும் நாளில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கொண்டே இருப்பேன். அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார். உபதேசியார் ஓய்வு பெற்றபோது மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துப் பாட்டு பாடியது நான்தான். என்னைத்தான் கேட்டார்கள், நானும் பாடினேன். இதை எழுதும்போது எனக்கு யார்மேல் ஆத்திரம் வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த மாமியார் போய்ச் சேர்ந்தார். அந்த வருடக் கார்த்திகைக்கு அக்கா வந்தாள். தீபத்தன்று சாயங்காலம் நானும் அவளும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றிருந்தோம். தெரு முழுக்க எல்லா மாடியிலும் ஆட்கள். பக்கத்து மாடியில் அந்தப் பெண், டைபாய்டில் பிழைத்தவள், தாவணி போட்டுக்கொண்டு தன் தம்பியோடு நின்றிருந்தாள். மலையுச்சியில் நெருப்பு தெரிந்ததும் ஊரே குரல் கொடுத்தது. அக்கா கைகட்டிக்கொண்டு பார்த்தாள். அவள் முகம் நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"அன்னிக்கு நான் கீழ எறங்கி வந்திருக்கணும்க்கா," என்றேன்.

அக்கா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீதானே வராதேன்னு சொன்னே," என்றேன், அவள் ஒன்றும் கேட்காதபோதே.

"ஆமா, சொன்னேன்," என்றாள் அக்கா. "மூணு வாரமும் அந்தப் படிக்கட்டையே பாத்துக்கினுதான் இருந்தேன்."